நாற்றைக் கெடுத்தவன்

லாரங்கன், பிரெபெஸ்
3 மே 2015

தங்கை குனிரோவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் இந்த எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வரிகள் ஏறி இறங்கிப் போகின்றன என்று எனக்கே தெரிகிறது. புதிதாக மண்வெட்டி பிடித்தவன் வெட்டிய வாய்க்கால் மாதிரி இருக்கிறது. கோணலுக்கும் அடித்தலுக்கும் மன்னித்துக்கொள். காலையில் உட்கார்ந்தேன், இப்போது மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்கிறது.

ஆம், நோக், தங்கச்சி, வேறு யாரிடமும் சொல்லி எழுதவில்லை. நானேதான். உன் அண்ணன் ரஸ்மாதி, அறுபத்தேழு வயதில்.

வாரம் மூன்று நாள், சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு, ஊர்க் கூடத்தில் வகுப்பு. பாலர் பள்ளி டீச்சர் இபு இஸ்ரோவா சொல்லிக்கொடுக்கிறார். பதினாறு பேரில் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் வெங்காயத் தாளைக் கட்டுப் போடும் கிழவிகள். "ஏன்யா, உன் எழுத்தெல்லாம் ஏழு மாசம் வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது?" என்கிறாள் ஒருத்தி. "உன் எழுத்து பட்டினியில படுத்துக் கெடக்குதே, அதுக்கு இது தேவல" என்றேன்.

கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். சோப்பு உறை, இறால் விழுது சுற்றிவந்த காகிதம், எதையும் விடுவதில்லை. நேற்று ஒரு லாரியின் பின்னால் என்னவோ எழுதியிருந்தது. அதைப் படித்து முடிக்க அரை கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தேன். 'விலகிப் போ' என்று எழுதியிருந்தது.

ஊர்ச் செய்தி ஒன்று. நம் வெங்காய விதைக்காயெல்லாம் கெட்டுவிட்டது. போன போகத்தில் பாதிப் பாத்தியில் தாள் முறுக்கிக்கொண்டு விழுந்தது. அதனால் சங்கத்தார் மறுபடி கறுப்பு விதையிலிருந்து நாற்று விட்டு, நோயில்லாத விதைக்காய் எடுக்கப் போகிறார்கள். இந்த முறை நாற்றங்கால், சங்கத் தலைவர் சர்மாதியின் நிலத்தில்.

தசுகி நலமா? போனது போகட்டும் என்று நான் எப்போதோ விட்டுவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று உன் புருஷனிடம் சொல்.

இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். கை ஓய்ந்துவிட்டது.

அண்ணன்
ரஸ்மாதி


பரிகி, சுலாவெசி
31 மே 2015

காங்குக்கு,

வ அலைக்கும் ஸலாம். காங் அண்ணா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஃபோனில் உங்கள் குரலைக் கேட்க மலை ஏற வேண்டும். இது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. உங்கள் எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. வயிற்றோடு இருந்தால் என்ன?

அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். லாரி கதைக்குச் சிரித்தார். 'போனது போகட்டும்' வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் குறையாக எழுதவில்லை, காங். மூன்று வருடத்துக்கு முன் அது பதினோரு குடும்பத்துக்கான நாற்று. உங்கள் நிலத்தில் இரண்டே வாரத்தில் வேரடி அழுகிச் சாய்ந்தது. சங்கக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து "தண்ணி ஊத்தினவனக் கேளுங்க" என்றீர்கள். ஊற்றியவர் அவர்தான், அதை அவரே மறுக்கவில்லை. அன்றிலிருந்து ஊரில் அவருக்குப் பெயர் 'கொளம்'. உப்பு வாங்கப் போனால்கூட "வாப்பா கொளம், எங்க கெணத்துலயும் ரெண்டு வாளி ஊத்திட்டுப் போ" என்பார்கள். நாலு மாதம் தாங்கினார். அப்புறம் கப்பல் ஏறினோம்.

இங்கே கோக்கோ தோட்டத்தில் வேலை குறைவில்லை. ஆனால் வாசலில் உள்ள ஒரு மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விடுவதற்குள் மூன்று தடவை மண்ணில் விரலை விட்டுப் பார்க்கிறார். செடி வாடுகிறது.

இங்கேயும் சிலர் வெங்காயம் போடுகிறார்கள். விதைக்காய் கப்பலில் வருவதற்குள் பாதி அழுகிவிடுகிறது. "ஜாவாக்காரரே, நீங்க எந்த ஊரு?" என்று கேட்டால் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லி "தேகல்" என்கிறார். "சோத்துக்கடைக்காரங்க ஊராச்சே! அப்ப ஏன் ஒரு கடை போடல?" "எனக்குச் சமைக்கத் தெரியாது." வெங்காயத்துக்குப் பேர்போன பிரெபெஸ் என்று சொன்னால் அதைப் பற்றிக் கேட்பார்களாம்.

அண்ணி யூ தர்யூமிக்கு என் சலாம். முழங்கால் வலி குறைந்ததா? எழுதுங்கள்.

தங்கை
குனிரோ


லாரங்கன்
14 ஜூன் 2015

தங்கைக்கு,

ஸலாம். இங்கே சுகம். நோன்பு வரப்போகிறது.

வீட்டில் படிக்க ஒன்றும் மிச்சமில்லை என்று பரணைத் துழாவினேன். அந்த வருடத்து விதைப் பாக்கெட் கிடைத்தது. உன் அண்ணி அதில் ஊசி நூல் போட்டு வைத்திருந்தாள். பின்பக்கம் ஏழு வரி. மூன்று நாளாக எழுத்துக் கூட்டி, நேற்று முடித்தேன்.

தசுகி ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?

கை வலிக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

ரஸ்மாதி


பரிகி
26 ஜூலை 2015

காங்குக்கும் யூ தர்யூமிக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு என்ன? ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. பெருநாளன்று மலை ஏறி ஃபோன் செய்தேன். அண்ணன் தொழுகைக்குப் போயிருக்கிறார் என்றார் யூ. சாயங்காலம் செய்தேன், தூங்குகிறார் என்றார். நீங்கள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

பெருநாள் வாழ்த்து. தெரிந்தும் தெரியாமலும், உள்ளும் புறமும் நான் செய்த பிழைகளுக்கு உங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இவரும் கேட்கச் சொன்னார். பெருநாளுக்கு எல்லோரும் எல்லோரிடமும் சொல்வது போல நான் எழுதப் போனபோது, "அப்படி எழுதாத, என்ன பிழைன்னு சொல்லிக் கேளு" என்றார். அதனால் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: காங், அந்த நாற்றைக் கெடுத்ததற்கு மன்னித்துவிடுங்கள். தசுகி.

பதில் வந்ததா என்று ஒவ்வொரு செவ்வாயும் சந்தை வண்டிக்காரனைக் கேட்கிறார்.

குனிரோ


லாரங்கன்
16 ஆகஸ்ட் 2015

தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் பெருநாள் வாழ்த்து கிடைத்தது. சந்தோஷம். எனக்குக் கொஞ்சம் இருமல், வேறொன்றும் இல்லை. உன் அண்ணியின் முழங்கால் அப்படியேதான்.

சர்மாதியின் நிலத்தில் நாற்று நன்றாக வந்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் புல். கிட்டே குனிந்தால்தான் ஒவ்வொன்றும் கொக்கி போலத் தலை மடித்து நிற்பது தெரியும். இன்னும் மூன்று வாரத்தில் பிடுங்கி நடலாம். ஒரு விதைக்கு ஒரு காய்தான். ஆனால் சுத்தமான காய்.

விதைப்பன்று நடந்ததைச் சொல்கிறேன். பாக்கெட்டைப் பிரிக்கும் முன் சர்மாதி, "இப்ப நம்ம ஊருப் பண்டிதர் காங் ரஸ்மாதிதான், அவரே படிக்கட்டும்" என்றார். எல்லோர் முன்னாலும் நின்று ஏழு வரியும் படித்தேன். திக்கவில்லை. ஆறாவது வரி இப்படி: 'விதை மருந்து பூசப்பட்டது. கழுவவோ ஊறவைக்கவோ கூடாது. நாற்று அழுகாமல் காப்பது இந்தப் பூச்சே.'

உடனே சங்கத்து வார்டோயோ, "வெதையப் போயி எவன்டா கழுவுவான்? அது என்ன கல்யாணப் பொண்ணா, குளிப்பாட்டி விட?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மற்றவை பிறகு.

ரஸ்மாதி


பரிகி
13 செப்டம்பர் 2015

காங்குக்கு,

ஸலாம். இருமலுக்கு இஞ்சி போட்டுக் குடியுங்கள். இங்கே நாங்கள் சுகம்.

அவர் கேட்ட மன்னிப்புக்கு நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. "அண்ணனுக்கு இன்னும் கோவம் போகல" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அந்த வருடம் விதைப்புக்கு முதல் நாள் நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கிணற்றடியிலிருந்து வாய்க்கால் வரை தண்ணீர் ரோஜா நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. வாத்துகள் அதில் நின்றன. யூ புதுத் துணி அலசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வார்டோயோ சொன்னதை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. அந்தப் பத்தியைத் தாண்டிவிட்டேன். கல்யாணமான இந்த இருபத்தாறு வருடத்தில் அவரிடம் நான் மறைத்தது இது ஒன்றுதான்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை, காங்.

குனிரோ


லாரங்கன்
11 அக்டோபர் 2015

தங்கை குனிரோவுக்கும் தசுகிக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இதை ஐந்து தடவை எழுதி நான்கைக் கிழித்தேன். எழுதத் தெரியாத காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. நோக், இதைத் தசுகிக்குப் படித்துக் காட்டு. ஒரு வரியும் தாண்டாதே.

நீ பார்த்த தண்ணீர் ரோஜா நிறமாக ஓடியது, நான் விதையைக் கழுவியதால்.

சங்கம் அந்தப் பாக்கெட்டை என் கையில் கொடுத்தபோது தசுகி பக்கத்தில் நின்றான். "காங், பின்னால என்னவோ எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லட்டுமா?" என்றான். நான் சொன்னது அவனுக்கு மறந்திருக்காது. "உனக்குப் பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடியே வெங்காயம் நட்டவன்டா நான். காகிதமா எனக்குப் பாடம் சொல்லணும்?" என்றேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது ஊரே அறிந்ததுதான். ஆனாலும் தங்கை புருஷன் படித்துச் சொல்ல நான் கேட்டு நிற்பதை நாலு பேர் பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய விதை ரோஜா நிறமாக இருந்தது. வியாபாரிகள் பழைய வெங்காயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இதுவும் அப்படித்தான், பழைய விதைக்கு முகப்பூச்சுப் போட்டு நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். நெல் விதையைக் கழுவுவோமே, அதே போல அகலச் சட்டியில் கொட்டி, மிதந்ததை எறிந்து, நாலு தண்ணீர் மாற்றினேன். கறுப்பு தெரிந்ததும் உன் அண்ணியிடம், "பாத்தியா, எங்கிட்டயேவா?" என்று காட்டினேன்.

நாற்று சாய்ந்தபோது தசுகியின் தண்ணீர்தான் காரணம் என்று நிஜமாகவே நம்பினேன். இந்த ஜூன் வரைக்கும் நம்பினேன். அதுவரை நான் முட்டாள் மட்டும்தான். ஜூனுக்குப் பிறகு இந்த நாலு மாதமாக நான் என்னவாக இருந்தேன் என்பதற்கு, தெரிந்த எழுத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தும் வார்த்தை கிடைக்கவில்லை.

எனக்கு இன்னும் காது சுடுவது வேறொன்றுக்காக. முந்தைய இரண்டு பெருநாளுக்கும் தசுகி ஃபோனில் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நான் "சரி சரி, விடு" என்றேன். சுல்தான் மாதிரிக் கொடுத்தேன். ஃபோனை வைத்துவிட்டு உன் அண்ணியிடம், "பாவம், கேட்டான், குடுத்துட்டேன்" என்றேன்.

தசுகி, நாற்றைக் கெடுத்தவன் நான். மன்னித்துவிடு என்று கேட்கிறேன். பெருநாளுக்கு எல்லோரிடமும் சொல்கிற வார்த்தையாக இதை எடுத்துக்கொள்ளாதே.

ரஸ்மாதி


பரிகி
8 நவம்பர் 2015

காங்குக்கு,

ஸலாம். சுகம்.

முழுவதும் படித்துக் காட்டினேன். அவர் கோக்கோக் கொட்டைகளைக் கிளறிக்கொண்டே கேட்டார். நடுவில் நிறுத்தவில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஊருக்குத் தெரியுமா?"

அவர் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

குனிரோ


லாரங்கன்
6 டிசம்பர் 2015

தங்கைக்கும் தசுகிக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். இப்போது ஊருக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, சர்மாதி வீட்டு முற்றத்தில் புது விதைக்காயைப் பங்கு பிரித்தார்கள். சுண்டுவிரல் நுனி அளவு, ஒற்றைக் காய், கல் போலக் கெட்டி. முப்பது வருடத்தில் இவ்வளவு சுத்தமான விதைக்காயை நான் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு எழுந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவேன் என்று பயந்து, எழுதிக் கொண்டுபோன காகிதத்தை எடுத்தேன். வாயால் சொன்னால் வளைத்துச் சொல்லிவிடுவேன். எழுதியதை வளைக்க முடியாது.

'மூன்று வருடத்துக்கு முன் நாற்று அழுகியது தண்ணீரால் அல்ல. விதையை நான் கழுவிவிட்டேன்' என்று படித்தேன்.

சர்மாதி, "காங், எழுத்து தப்பிப்போச்சு போல. மறுபடி படிங்க" என்றார்.

மறுபடி படித்தேன்.

வார்டோயோ, "அப்ப, கொளம்?" என்றான்.

"கொளம் இல்லடா. அவன் பேரு தசுகி" என்றேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். ரொக்யாத்தி மட்டும், அவள் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள், பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "அந்தப் போகம் போனதால எம் பொண்ணு கல்யாணத்தத் தள்ளிப் போட்டேன். வாசல்ல வச்சு தசுகி மூஞ்சிக்கு நேரா துப்பினேன், காங். அந்த எச்சில நான் இப்ப எங்க போயி பொறுக்கறது?" என்றாள்.

இதைத் தசுகி என்னிடம் சொன்னதே இல்லை. உன்னிடம் சொன்னானா, நோக்?

வீட்டுக்கு நடக்க வெகு நேரமாயிற்று. உன் அண்ணி, "அன்னிக்குக் கெணத்துலேந்து மொண்டு ஊத்தினது நாந்தானே" என்றாள். மறுநாளே எனக்குப் பெயர் வந்துவிட்டது. குளிப்பாட்டி. கடையில், வாய்க்காலில், பள்ளிவாசல் படியில்கூட. "குளிப்பாட்டி, எங்க ஆட்டுக்குட்டிய ஒரு அலசு அலசிக் குடேன்." வகுப்பில் கிழவிகள் கேட்கவே வேண்டாம். இபு இஸ்ரோவா அதட்டுகிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தசுகி நாலு மாதம் இந்தக் கேலியைக் கேட்டான். என் வயதுக்கு நான் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம்.

என் பங்கு விதைக்காய் முழுவதையும் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். காற்றுப் போகத் துளை போட்டிருக்கிறேன். அடுப்புக்கு மேல் புகை படும்படி தொங்கவிடு. எப்படி நடுவது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். விருப்பம் இல்லையென்றால் நட வேண்டாம், குழம்பில் போடுங்கள்.

ரஸ்மாதி


பரிகி
14 பிப்ரவரி 2016

காங் ரஸ்மாதி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இது தசுகி எழுதுவது.

பெட்டி வந்தது. ஏழு காய் நசுங்கியிருந்தது. மற்றவை கெட்டி. அடுப்புக்கு மேல் கட்டினேன். போன வாரம் ஆறு பாத்தி நட்டேன்.

உங்கள் தாளில் 'நுனியை அறுத்து நடு' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மாதம் ஓய்ந்த காய்க்கு நுனி அறுக்கத் தேவையில்லை. தானாகவே முளைக்கும். அறுக்கவில்லை. எல்லாம் முளைத்துவிட்டது.

பக்கத்து நிலத்துக்காரர் பார்த்துவிட்டு, "தேகல்காரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றார். பிரெபெஸ் என்று சொன்னேன். "அப்ப மூணு வருஷமா ஏன்யா வாய மூடிக்கிட்டு இருந்த? எங்களுது அழுகினப்பவெல்லாம் பாத்துக்கிட்டுத்தானே இருந்த?" என்று சண்டைக்கு வந்தார். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

ரொக்யாத்தி விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. குனிரோ உங்கள் கடிதத்தில்தான் படித்தாள். அன்று அவள் சமைக்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொல்கிறாள். எழுதப் பார்த்தேன். வரவில்லை. நான் மூன்று பெருநாளுக்கு உங்களிடம் கேட்டேன், காங். நீங்கள் ஒரு தடவை கேட்டிருக்கிறீர்கள். இன்னும் இரண்டு இருக்கிறது.

யூவுக்கு என் சலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தசுகி


லாரங்கன்
6 மார்ச் 2016

தம்பி தசுகிக்கு,

வ அலைக்கும் ஸலாம். நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. உறையில் உன் கையெழுத்தில் இருந்த என் பெயரை யார் உதவியும் இல்லாமல் படித்தேன். தபால்காரன் நின்று பார்த்தான். உள்ளே இருப்பதைப் படிக்க வாழைமரத்துப் பக்கம் போய்விட்டேன்.

நுனி விஷயத்தில் நீ சொல்வது சரி. எழுதும்போது எனக்கு அது தோன்றவில்லை. சர்மாதியிடமும் சொன்னேன். "தசுகி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படியே எழுதுகிறேன்.

மீதி இரண்டு மன்னிப்பையும் இந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். உன் யூ பிடுங்கிக்கொண்டாள். "ரெண்டையும் ஒரே மூச்சுல எழுதித் தள்ளிட்டுத் தப்பிக்கப் பாக்குறீங்களா? அவன் வருஷத்துக்கு ஒண்ணுன்னு மூணு வருஷம் கேட்டான். நீங்களும் அப்படியே கேளுங்க" என்றாள். அவள் சொல்வது நியாயம். வருகிற பெருநாளுக்கு ஒன்று, அதற்கு அடுத்த பெருநாளுக்கு ஒன்று. அப்போது எனக்கு அறுபத்தொன்பது. அதுவரைக்கும் இருந்தாக வேண்டும். இரண்டு வருடமாக வாங்காத இருமல் மருந்தை நேற்று வாங்கிவிட்டேன்.

நீ அப்போதும் 'வரவில்லை' என்று எழுதலாம். அது உன் இஷ்டம். எழுது, போதும்.

பெருநாளுக்கு இன்னும் பதினேழு வாரம் இருக்கிறது. அதுவரை என்னால் சும்மா உட்கார முடியாது. அடுத்த வாரம் மழையைப் பற்றி எழுதுகிறேன். அதில் மன்னிப்பு எதுவும் இருக்காது, பயப்படாமல் பிரி.

குளிப்பாட்டி
ரஸ்மாதி